எங்கும் போகாத எர்த் கம்பி

என் அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அவள் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேச ஆரம்பித்தால் வீட்டில் நாங்கள் எல்லோரும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவோம். அந்த ஆண்டு முழுக்க அவள் மெதுவாகத்தான் பேசினாள். ஏன் என்பதை நான் சொல்லாமல் விட்டால், அலுவலகக் கோப்பில் இருப்பதே உண்மை என்று ஆகிவிடும். அதற்கு என் மனம் ஒப்பவில்லை.

மலைமேல் இருக்கும் ஒரு சின்ன சுகாதார நிலையத்தில் நான் மருந்து கொடுப்பவள். கரண்ட் கம்பி எங்கள் ஊருக்கு வரவே இல்லை. கூரைமேல் பன்னிரண்டு சோலார் பேனல், கீழே ஒரு அறையில் பேட்டரிகள், அவற்றுக்குள் போகும் மின்சாரத்தை அளந்துவிடும் சார்ஜ் கன்ட்ரோலர், இன்வெர்ட்டர். தடுப்பூசி ஃபிரிட்ஜும், மூச்சுத் திணறுபவர்களுக்கு ஆக்சிஜன் தரும் இயந்திரமும், பிரசவ அறை விளக்கும் இவற்றை நம்பித்தான் ஓடுகின்றன. இவை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவள் என் அக்கா. பத்து வருடம் ஒரு பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் கட்டியவள், பிறகு சோலார் வேலை கற்றுக்கொண்டாள். பயிற்சியில் நாற்பது பேரில் அவள் ஒருத்திதான் பெண். மலையில் எல்லோரும் அவளை ஃப்யூஸக்கா என்பார்கள். டாக்டரம்மாகூட அப்படித்தான் கூப்பிடுவார்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் எதிர் மலையில் இடி விழுந்தது. எங்கள்மேல் விழவில்லை, பக்கத்தில்கூட இல்லை. ஆனாலும் எங்கள் கன்ட்ரோலர் செத்துப்போனது. அக்காவுக்கு அது செரிக்கவே இல்லை.

"அங்க விழுந்ததுக்கு இங்க எப்படிடி சாகும்?" என்று மூன்று வாரம் என் உயிரை எடுத்தாள். பழைய புத்தகங்களைத் தேடிப் படித்தாள், தெரிந்தவர்களைக் கேட்டாள். கடைசியில் ஒரு நாள் மருந்து அறைக்கு வந்து விளக்கினாள்.

"கூரையிலிருந்து அறை வரைக்கும் வயர் நீளமா தொங்குது பார். அது ரேடியோ ஏரியல் மாதிரி. ஏரியல் பாட்டைப் பிடிக்குது, இது இடியைப் பிடிக்குது. அடி நம்ம மேல விழ வேண்டியதே இல்ல. தூரத்துல விழுந்தா அதிலிருந்து ஒரு துடிப்பு கிளம்பும். வயர் அதை வாங்கி நேரா கன்ட்ரோலர் வாயில ஊட்டிடும்."

அவள் படித்த புத்தகம் ஒன்றில் இடிக்கு அடுத்த அத்தியாயம் குண்டைப் பற்றியது. வானத்தில் மிக உயரத்தில் ஓர் அணுகுண்டு வெடித்தால், கீழே ஒரு செங்கல்கூட அசையாது. ஆனால் ஒரு மின்காந்தத் துடிப்பு இறங்கி, மின்னணுப் பொருள்களைக் கருக்கிவிடும். அது இடியைவிடப் பல மடங்கு வேகமானது. இரண்டுக்கும் காவல் ஏறக்குறைய ஒன்றுதான் என்று அக்கா புரிந்துகொண்டாள். வயர்களைக் குட்டையாக வெட்டி, பிளஸ்ஸையும் மைனஸையும் சடை பின்னுவதுபோல ஒன்றோடொன்று முறுக்கினாள். கன்ட்ரோலரையும் இன்வெர்ட்டரையும் இரும்பு அலமாரிக்குள் வைத்தாள். வயர் உள்ளே நுழையும் இடத்தில் அரெஸ்டர்களைப் பொருத்தினாள். அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் அதை வழிமறித்து எர்த்துக்குத் தள்ளிவிடும் சின்னப் பொருள்கள் அவை. பேனல் சட்டம், அலமாரி, அரெஸ்டர் எல்லாவற்றையும் தடிமனான செம்புப் பட்டையால், மண்ணில் ஆழமாக நட்ட ஒரே எர்த் கம்பியோடு இணைத்தாள்.

அத்தோடு விடவில்லை. பழுது பார்த்த ஒரு பழைய கன்ட்ரோலரையும் ஒரு சின்ன இன்வெர்ட்டரையும் மாற்றுச் சாமானாக ஓர் இரும்புப் பெட்டிக்குள் வைத்தாள். உள்ளே ரப்பர் பாய், மூடி விளிம்பைச் சுற்றி அலுமினிய டேப். பெட்டி சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்க என் ரேடியோவைப் பாடவிட்டு உள்ளே வைத்தாள். மூடிய பிறகும் அது பாடிக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் ஓட்டை தேடினாள். விளிம்பில் இருந்த பெயின்ட்தான் காரணம். மூடியின் இரும்பு பெட்டியின் இரும்பைத் தொடவே இல்லை. பெயின்ட்டைச் சுரண்டித் தேய்த்து, திரும்ப மூடி டேப் ஒட்டினாள். பாட்டு பாதி வரியில் நின்றது. அன்று அவள் சிரித்த சிரிப்பை நான் அதிகம் பார்த்ததில்லை.

"ஒரு நாள் என்னையும் உள்ள வச்சு டேப் ஒட்டிடுவா உங்க அக்கா," என்றார் அத்தான். பஸ் ஓட்டுபவர், வாய் சும்மா இருக்காது.

"உங்களை வச்சா பாட்டு நிக்காது," என்றாள் அக்கா.

குண்டு விழப்போகிறதா என்று கேட்டவர்களுக்கு அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள். "அணுகுண்டுக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். இடிக்குத் தர்றேன்." அதற்குப் பிறகு மூன்று மழைக்காலம் போயிற்று. ஒரு ஃப்யூஸ்கூடப் போகவில்லை.

அப்புறம்தான் கோட்டுக்காரர் வந்தார்.

தொலைவில் எங்கேயோ போர் நடந்துகொண்டிருந்த சமயம். மேலிடத்துக் கொள்முதல் அதிகாரியின் ஜீப்பில், அந்த வெயிலிலும் கோட்டு போட்டுக்கொண்டு இறங்கினார். மடிக்கணினியில் ஒரு படம் காட்டினார். வானத்தில் ஒரு வெளிச்சம், ஊர் ஊராக விளக்கு அணைகிறது, ஆஸ்பத்திரியில் குழந்தைகள் அழுகின்றன. எங்கள் நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவர் ஒரு கறுப்புப் பெட்டியை மேசைமேல் வைத்தார். செங்கல் அளவு, செங்கல் கனம். முகப்பில் ஒரு நீல விளக்கு. பக்கத்தில் சிவப்பு, கறுப்பு, பச்சை என்று மூன்று வயர். பெயர், மின்கவசம்.

"இது ஒண்ணு இருந்தா போதும். எந்தத் துடிப்பு வந்தாலும் உங்க சோலார் பத்திரம்."

அக்கா அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். "எப்படி வேலை செய்யுது சார்?"

"அது கம்பெனி ரகசியம்மா."

"சரி. வர்ற துடிப்பு எங்கயாவது போகணுமே. எங்க போகும்?"

"உள்ளேயே உறிஞ்சிக்கும்."

"எவ்வளவு உறிஞ்சும்?"

கோட்டுக்காரர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, நீ வயர்மேனா, விஞ்ஞானியா?"

அக்காவின் குரல் தாழ்ந்தது. "மேன் இல்ல சார். ஆனா வயர் தெரியும்."

நர்ஸ் சிரித்துவிட்டாள். அதிகாரியின் முகம் சுண்டிப்போனது. அந்தச் சிரிப்புக்கு நாங்கள் பிறகு நிறையவே விலை கொடுத்தோம் என்று நினைக்கிறேன்.

கொடுமை இனிமேல்தான். அந்தப் பெட்டியோடு ஒரு விதித்தாள் வந்தது. வேறு எந்தப் பாதுகாப்புச் சாதனமும் கூடவே இருக்கக் கூடாதாம், இருந்தால் உத்தரவாதம் செல்லாதாம். கூட வந்த இரண்டு ஆட்கள் அக்காவின் அரெஸ்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். செம்புப் பட்டையை வெட்டினார்கள். எர்த் கம்பியில் மிச்சமிருந்தது மின்கவசத்தின் பச்சை வயர் ஒன்றுதான்.

"பெட்டியை மாட்டிக்கோங்க, வேண்டாம்னு சொல்லல. எர்த்தை மட்டும் கழட்டாதீங்க சார்," என்று அக்கா மூன்று முறை சொன்னாள். மூன்றாவது முறை ஏறக்குறைய கெஞ்சினாள். அவள் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. அதிகாரி அலமாரிப் பூட்டின்மேல் ஒரு காகித முத்திரையை ஒட்டினார். அனுமதியில்லாமல் யாரும் தொடக் கூடாது என்றார். மூலையில் இருந்த இரும்புப் பெட்டியைக் காலால் தட்டி, "இந்தப் பழைய இரும்பையும் வெளிய போடுங்க," என்றார்.

டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். எங்களுடையதோடு சேர்த்துப் பதினான்கு நிலையத்துக்கும் வந்த உத்தரவு, அவரால் என்ன செய்ய முடியும்? நானும் வாய் திறக்கவில்லை. ஒரே ஒரு காரியம் செய்தேன். அவர்கள் போன பிறகு அந்த இரும்புப் பெட்டியை இழுத்துக்கொண்டுபோய் என் மருந்து அலமாரிக்குக் கீழே, அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளிவைத்தேன்.

பத்தொன்பதாவது நாள், பிற்பகல் மூன்று மணிக்கு, எதிர்ச்சரிவில் தனியாக நின்ற மரத்தின்மேல் இடி இறங்கியது. எங்கள் ஜன்னல்கள் நடுங்கின. பேட்டரி அறையில் பட்டென்று ஒரு சத்தம், பிறகு பிளாஸ்டிக் தீயும் நாற்றம். விளக்குகள் அணைந்தன. ஃபிரிட்ஜின் முனகல் நின்றது. எல்லாவற்றையும்விட, கடைசிக் கட்டிலில் ஆக்சிஜன் இயந்திரம் பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது.

அந்தக் கட்டிலில் இருந்தவரை நாங்கள் குவாரி மாமா என்போம். முப்பது வருடம் கல் உடைத்து நுரையீரல் முழுக்கத் தூசி. அவருக்கு அது இல்லாமல் ஆகாது. அவசரத்துக்கு ஒரு சிலிண்டர் இருந்தது. டாக்டரம்மா அதை மாட்டி, முள்ளைப் பார்த்து, "இரண்டு மணி நேரம். அதுக்கு மேல இல்ல," என்றார்.

நான் பேட்டரி அறைக்கு ஓடினேன். அலமாரி இடுக்கு வழியாகப் பார்த்தால் உள்ளே கன்ட்ரோலர் கருகிக் கிடந்தது. இன்வெர்ட்டரிலிருந்து புகை. மின்கவசத்தின் நீல விளக்கு மட்டும் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. வீட்டில் எல்லோரும் செத்துக் கிடக்க, வாசலில் நின்று பல்லிளிக்கும் காவல்காரன் மாதிரி. என் வாழ்க்கையில் ஒரு பொருளைப் பார்த்து எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை.

அக்காவுக்குப் போன் செய்தேன். பாதையில் மரம் விழுந்திருந்ததால் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு, பை தோளில், இரண்டு கிலோமீட்டர் மழையில் ஏறி வந்தாள். நாலேகால் மணிக்கு வாசலில் நின்றபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "இரும்புப் பெட்டியை எங்கடி வச்ச?"

முத்திரையைக் கிழித்தாள். ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. கருகியதைப் பிடுங்கிப் போட்டாள், பேட்டரியை மீட்டரில் பார்த்தாள், அலுமினிய டேப்பை உரித்து மாற்றுக் கன்ட்ரோலரை எடுத்தாள். முதலில் பேட்டரி, பிறகு பேனல். செம்புப் பட்டையின் வெட்டுப்பட்ட முனைகளைச் சேர்த்து முறுக்கி எர்த்தில் கட்டினாள். சின்ன இன்வெர்ட்டர் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தாங்கும், ஆக்சிஜனையோ ஃபிரிட்ஜையோ.

"மனுஷன் முதல்ல," என்றாள். "ஃபிரிட்ஜைத் திறக்காத. உள்ள ஐஸ் கட்டி இருக்கு, நாளைக்கு வரைக்கும் தாங்கும். எப்படி இருக்குன்னு எட்டிப் பாத்தேன்னு வை, அந்தக் குளிரும் போயிடும்."

நாலே முக்காலுக்கு ஆக்சிஜன் இயந்திரம் திரும்ப மூச்சுவிட்டது. சிலிண்டரில் கொஞ்சம்தான் மிச்சம். குவாரி மாமா முகமூடிக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். குனிந்து கேட்டால், "அந்தப் பொண்ணுக்குத் துண்டு குடுங்கம்மா, நனைஞ்சிருக்கு," என்கிறார். மறுநாள் வெயில் வந்து, அவருக்கும் சற்றுத் தேவலையானதும், ஆக்சிஜனையும் ஃபிரிட்ஜையும் மாற்றி மாற்றி ஓட்டிச் சமாளித்தோம். வெப்பமானி கோட்டைத் தாண்டவில்லை. ஒரு தடுப்பூசிகூடக் கெடவில்லை.

நன்றி வரும் என்று நாங்கள் காத்திருக்கவில்லை. ஆனால் வந்தது என்ன தெரியுமா? எட்டாம் நாள் அக்கா பெயருக்கு ஒரு நோட்டீஸ். அனுமதியின்றி முத்திரையை உடைத்தது, அங்கீகாரமில்லாத சாதனத்தைப் பொருத்தியது, இவற்றுக்கு விளக்கம் தர வேண்டும். கூடவே கோட்டுக்காரரின் அறிக்கை: மின்கவசம் நல்ல நிலையில் இயங்குகிறது, நீல விளக்கு எரிவதே சான்று. பழுதுக்குக் காரணம் முன்பு செய்யப்பட்ட தவறான வயரிங்.

அக்கா அதை இரண்டு முறை படித்தாள். மடித்துப் பையில் வைத்தாள்.

"விளக்கு எரியுதாம்," என்றாள், கேட்கவே முடியாத குரலில். "விளக்கு எரிஞ்சா போதுமாம்."

அத்தான்கூட அன்று தமாஷ் பேசவில்லை.

மின்கவசத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து மீட்டரால் சோதித்தாள். சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையில் விளக்கு எரியும் அளவுக்குக் கொஞ்சம் ஓட்டம். பச்சை வயரிலிருந்து எங்கே வைத்தாலும் மீட்டர் அசையவில்லை. அரெஸ்டர் மாதிரி ஒன்று உள்ளே இருந்தாலும் சாதாரண நேரத்தில் மீட்டர் காட்டாது, அதை வைத்து மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்றாள். அந்த நிலைமையிலும் அவள் நியாயம் பார்த்தாள் என்பதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

அடுத்த மாதம் பதினான்கு நிலையத்து டாக்டர்களுக்கும் ஆய்வுக் கூட்டம். அக்காவுக்கு அழைப்பு இல்லை. டாக்டரம்மா அவளையும் என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். "கையெழுத்துப் போட்டவ நான். நானே கூட்டிட்டுப் போறேன்," என்றார்.

நீளமான மேசை, நடுவில் தண்ணீர் பாட்டில்கள், சுவரில் கோட்டுக்காரரின் படம் ஓடிக்கொண்டிருந்தது. அதே வெளிச்சம், அதே அழும் குழந்தைகள். படம் முடிந்ததும் டாக்டரம்மா எழுந்து, எங்கள் டெக்னீஷியன் ஒரு கேள்வி கேட்பார் என்றார். அக்கா கறுப்புப் பெட்டியைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இந்தப் பச்சை வயர் உள்ள எங்க போகுதுன்னு மட்டும் சொல்லுங்க சார். வேற ஒண்ணும் வேண்டாம்."

"அதைத் திறந்தா உத்தரவாதம் போயிடும்," என்றார் கோட்டுக்காரர்.

"எங்க கன்ட்ரோலர் போயிடுச்சு. இன்வெர்ட்டர் போயிடுச்சு. ஒரு மனுஷன் போகப் பார்த்தார். உத்தரவாதமும் போகட்டும்."

அதிகாரி கையை நீட்டித் தடுத்தார். "இது அரசாங்கச் சொத்து, தொடக் கூடாது!"

டாக்டரம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு நின்றார். "என் நிலையத்துச் சொத்து. நான் வாங்கினேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். நான் சொல்றேன். அறுங்க, ஃப்யூஸக்கா."

அக்கா இரும்பு அறுக்கும் ஹாக்ஸாவை எடுத்தாள். கரகரவென்று மூன்று பக்கம் அறுத்து, ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினாள். மணல் கொட்டியது. ஆமாம், மணல். ஆற்று மணலைப் பசையில் குழைத்துக் கனத்துக்காக அடைத்திருந்தார்கள். அதன் நடுவே கடலைப் பருப்பு அளவு ஒரு விளக்கு, அது கருகாமல் இருக்க ஒரு ரெசிஸ்டர். வேறொன்றும் இல்லை. பச்சை வயர் பெட்டிக்குள் விரல் நீளம் வந்து, பசையில் ஒட்டி அங்கேயே நின்றுவிட்டது.

அக்கா அந்த வயரின் முனையை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிக் காட்டினாள்.

"இதுதான் எங்க எர்த். இதுக்காகத்தான் என் எர்த்தை வெட்டுனாங்க."

எதிர் வரிசையில் ஒரு டாக்டர் மெல்ல எழுந்தார். "எங்க நிலையத்துலயும் ரெண்டு வாரம் முன்னால எல்லாம் எரிஞ்சுபோச்சு," என்றார். "பேட்டரி சரியில்லைன்னு எழுதிட்டாங்க. நாங்களும் நம்பிட்டோம்." அவருக்கு அடுத்து இன்னொரு பெண் டாக்டர். தடுப்பூசி முழுவதையும் குழி தோண்டிப் புதைத்தோம் என்றார் அந்த அம்மா. எத்தனை பிள்ளைகளுக்கு ஊசி தள்ளிப்போயிற்று என்று கணக்குப் பார்க்கக்கூட எங்களுக்கு மனம் வரவில்லை. கோட்டுக்காரர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். யாரும் பேசாத போன் அது என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவர் திரும்பி வரவில்லை.

இனி எல்லாம் சுபம் என்று முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். விசாரணை நடந்தது. பதினான்கு பெட்டிகளையும் கழற்றச் சொன்னார்கள். கம்பெனி என்று எழுதியிருந்த முகவரியில் ஒரு பூட்டிய ஷட்டர்தான் இருந்ததாம். அதிகாரிக்குத் தண்டனை என்றார்கள், என்ன தண்டனை? இடமாற்றம். மலைப்பாதை ஏற வேண்டாத, மாடிக்கு லிஃப்ட் இருக்கிற அலுவலகம். அந்தத் தண்டனை எனக்கும் கிடைக்காதா என்று நர்ஸ் கேட்டாள்.

அக்காவுக்கு ஒரே வரிக் கடிதம் வந்தது. தங்கள்மீதான நோட்டீஸ் முடித்துவைக்கப்படுகிறது. படித்துப் பார்த்துப் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் மற்ற பதின்மூன்று நிலையத்து வேலையும் அவளுக்கு.

"போட்டுடேன்," என்றேன் நான். "முடிஞ்சுதே."

"முடிச்சுவைக்க நான் என்னடி தப்பு பண்ணேன்?" என்றாள். "நோட்டீஸ் குடுத்தது தப்புன்னு எழுதட்டும். திரும்ப வாங்கிக்கட்டும். ஒரு உயிரைக் காப்பாத்தினதுக்கு மன்னிப்புக் குடுக்கறாங்களாம். யாருக்கு வேணும்?"

கையெழுத்துப் போடவில்லை. பதில் கடிதம் எழுதினாள். பதில் இல்லை. இன்னொன்று எழுதினாள். மூன்றாவதை டாக்டரம்மாவும், கூட்டத்தில் எழுந்து பேசிய அந்த இரண்டு டாக்டர்களும் சேர்ந்து எழுதினார்கள். ஏழு மாதம் ஆயிற்று. அதற்குள் அடுத்த மழைக்காலம் வந்துவிட்டது. உத்தரவு வரும்வரை மழை காத்திருக்குமா? டாக்டர்கள் தங்கள் பொறுப்பில் கூப்பிட்டார்கள், அவள் போனாள். வயரைக் குட்டையாக்கி, முறுக்கி, அரெஸ்டர் வைத்து, எர்த் போட்டு, ஒவ்வொரு நிலையத்திலும் ஓர் இரும்புப் பெட்டிக்குப் பெயின்ட் சுரண்டி டேப் ஒட்டிவிட்டு வந்தாள்.

ஏழாம் மாதக் கடைசியில் வந்த கடிதத்தில் நோட்டீஸ் என்பதற்கு முன்னால் "தவறுதலாக வழங்கப்பட்ட" என்ற இரண்டு சொற்கள் இருந்தன. யாருடைய தவறு என்று எழுதவில்லை. வருத்தம் என்றும் எழுதவில்லை. அக்கா அந்த இரண்டு சொற்களின்கீழ்க் கோடு போட்டாள். பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

"திருப்தியா?" என்று கேட்டேன்.

"இல்ல," என்றாள். "ஆனா இது அவங்க கோப்புல இருக்கும்."

போன வாரம் பதினோராவது நிலையத்துக்கு அவளோடு மருந்து கொடுக்கப் போயிருந்தேன். அக்கா கூரைமேல் பேனல் துடைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று துடைக்கும் சத்தம் நின்றது. நான் அண்ணாந்து பார்த்தேன். அவள் கட்டடத்தின் பின்பக்கம் கீழே எட்டிப் பார்த்தபடி, மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ப் பார்த்தால், துப்புரவு செய்யும் அம்மா எர்த் கம்பியிலிருந்து செம்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு, கம்பியில் கயிறு கட்டி நிலையத்துப் போர்வைகளைக் காயப்போட்டிருக்கிறார்.

"நல்லா உறுதியா இருக்குன்னு கட்டினேன்மா," என்றார் அவர், பாவமாக.

"உறுதியா இருக்கணும்னுதான் நட்டேன்," என்றாள் அக்கா, ஏணியில் இறங்கிக்கொண்டே. "போர்வையை எடுங்க. கயிறு கட்ட நான் வேற கம்பி நட்டுத் தர்றேன்."

நட்டும் கொடுத்தாள். ஆனால் அன்று ஊர் வந்து சேரும்வரை என்னோடு ஒரு வார்த்தை சத்தமாகப் பேசவில்லை.